கூதிரில் வந்த குட்டி

இலையுதிர்காலம் என்ற சொல்லை நாங்கள் முதலில் சந்தித்தது பள்ளிப் பாடநூலில்தான். பாதை நிறைய மஞ்சள் இலைகள் கிடக்கும் படம் ஒன்று அதன் அருகே அச்சிடப்பட்டிருந்தது. பொழிச்சலூரில் அக்டோபர் மாதத்தில் எந்த மரமும் அவ்வாறு இலை உதிர்ப்பதில்லை. எங்கள் வீட்டு வேம்பு உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும். ஐப்பசி பிறந்தால் இங்கே மதில் இடுக்குகளில் பாசி படரும். கொல்லையில் யாரும் விதைக்காத கீரை முளைக்கும். முருங்கைக் கிளை மழையின் கனம் தாங்காமல் நள்ளிரவில் முறிந்து விழும். இந்தப் பருவத்திற்கு நம்மிடம் வேறொரு பெயர் இருக்கிறது. ஆறு பெரும்பொழுதுகளில் காருக்கு அடுத்து வருவது. ஐப்பசியும் கார்த்திகையும் அடங்கியது. கூதிர்.

வகுப்பில் கரும்பலகையில் இச்சொல்லை எழுதி, எதிரே ‘குளிர்காலம்’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதே வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் நெடுநல்வாடையை ஒரு முறை மனம் ஊன்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பொருள் போதாது. நக்கீரர் காட்டும் கூதிரில் மேயும் விலங்கு மேய்ச்சலை மறக்கிறது, குரங்கு ஒடுங்குகிறது, வீட்டுப் புறாக்கள் இரை தேடப் போகாமல் இடம் மாறி மாறி நிற்கின்றன, வேனிலுக்குரிய விசிறி மடக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது, மக்கள் அகன்ற வாயுள்ள தடவில் நெருப்பிட்டு அதைச் சூழ்ந்திருக்கிறார்கள். வெளியே உள்ள உயிரெல்லாம் உள்ளே வர இடம் தேடும் காலம் அது. எங்கள் வீட்டுக்குப் பூனைக்குட்டி வந்ததும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

இங்கே ‘நாங்கள்’ என்று எழுதுவது பெருமைப் பன்மை அன்று. கல்லூரியில் பாடம் நடத்தும் இருவர், பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள், எண்பதை நெருங்கும் ஆயா ஆகிய நால்வரைக் குறிக்கும் பன்மை. செங்கற்பட்டுப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பது வழக்கு. மகள் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அவ்வாறே அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் பம்மலுக்கும் அனகாபுத்தூருக்கும் இடையே, அடையாற்றை ஒட்டிக் கிடக்கிறது பொழிச்சலூர். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதற்குள் போயின. பொழிச்சலூர் அப்போதும் ஊராட்சியாகவே நின்றது. வட திருநள்ளாறு என்று சொல்லப்படும் அகத்தீசுவரர் கோயில் இங்கே உண்டு. சனிக்கிழமைகளில் வெளியூர்க் கூட்டம் வரும். ஆயா இவ்வூருக்கு மருமகளாக வந்த நாளில் எங்கள் தெரு இருக்கும் இடம் நெல்வயல். இன்று வீடுகளுக்கு நடுவே எங்கள் கிணறும் வேம்பும் மட்டும் வயற்காலத்தின் மிச்சம்.

எங்கள் ஊரில் வாடை திரும்பிவிட்டதைச் சொல்வது விமானம். காற்றை எதிர்த்துத்தான் விமானம் ஏறவும் இறங்கவும் வேண்டும். ஆடியில் மேல்காற்று வலுக்கும் நாட்களில் எங்கள் பக்கமாக அவை முழக்கத்தோடு மேலெழும். ஐப்பசியில் காற்று வடகிழக்கே மாறியதும், அதே பக்கமாகச் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ இறங்கத் தொடங்கும். ஓசையே வேறு. வானிலை அறிக்கை பருவமழை தொடங்கியதை அறிவிப்பதற்கு முன்பே ஆயா சொல்லிவிடுவார்: “ஏரோப்ளேன் திரும்பிக்கிச்சு. அரிசிய மேல ஏத்துங்க.” சென்னைக்கு ஆண்டு முழுதும் பெய்யும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டிவிடும். அரிசியை மேலே ஏற்றுவது வெறும் சொல் அன்று என்பது பின்னர் விளங்கும்.

சென்ற ஐப்பசித் தொடக்கத்தில், தெருவில் திரியும் சாம்பல் நிறத் தாய்ப்பூனை ஒன்று எங்கள் மாடிப்படியின் அடியில், பயன்படாத ஆட்டுக்கல்லுக்குப் பின்னால், மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து வைத்தது. பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். எங்களுடையது எத்தனையாவது வீடு என்று தெரியவில்லை. பதினைந்து நாள் எங்களுக்கு அதனிடம் பேச்சுவார்த்தை இல்லை. சாக்கு ஒன்றை மட்டும் மடித்துப் போட்டோம். பிறகு ஒரு மாலை, மேகம் கறுத்துவரும் வேளையில், தாய் ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு மதில்மேல் ஏறிப் போனது. சற்று நேரத்தில் திரும்பி வந்து இரண்டாவதையும் கொண்டு போனது. மூன்றாவதற்கு வரவில்லை. அன்றிரவு முழுக்க மழை. மறுநாளும் வரவில்லை.

வைணவ தத்துவத்தில் பூனைக்குட்டி நியாயம் என்று ஒன்று உண்டு. மார்ச்சார நியாயம் என்பர். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியோ எதுவும் செய்ய வேண்டியதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகும். இறையருளுக்கு உயிரின் முயற்சி வேண்டுமா வேண்டாமா என்ற வடகலை தென்கலை வேறுபாட்டை விளக்க இந்த இரண்டு உவமைகளையும் வகுப்பில் எடுத்துக்காட்டுவது உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “தாய் எடுக்காம விட்டுட்ட குட்டிக்கு என்ன நியாயம், ஐயா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. உரையாசிரியர்கள் அதற்கு விடை எழுதியிருக்கிறார்களோ என்னவோ, அன்று வகுப்பில் விடை பிறக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

ஆட்டுக்கல்லின் பின்னாலிருந்து மகள்தான் அதை எடுத்து வந்தாள். உள்ளங்கையில் அடங்கிய உடம்பு. வெள்ளையும் கறுப்பும் செம்மையும் கலந்த முக்கால் ஈரம். கண் திறந்துவிட்டிருந்தாலும் குட்டிகளுக்கே உரிய நீலம் இன்னும் மாறவில்லை. உடம்பு சில்லென்றிருந்தது. பால் புகட்டலாம் என்று கிளம்பிய எங்களைத் தடுத்தது தொலைபேசியில் கிடைத்த கால்நடை மருத்துவர். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு எதையும் புகட்டக் கூடாது. முதலில் சூடு, பிறகே உணவு. பசியைவிடக் குளிர்தான் இந்த வயதில் விரைவாகக் கொல்லும் என்றார். பசும்பாலே ஆகாது, வயிற்றுப்போக்கு வந்து வறண்டுவிடும் என்பதையும் சொன்னார். பூனையென்றால் பால் என்றே பழகிய நமக்கு இது சற்று அதிர்ச்சிதான். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தன்னைத் தாழ்த்திக்கொண்ட கம்பனிடம் இந்த மருத்துவர் என்ன சொல்லியிருப்பாரோ!

நக்கீரர் காலத்துத் தடவு எங்களிடம் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய துண்டால் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். அரைமணிக்கு ஒரு முறை நீரை மாற்றினோம். இரவு பதினொரு மணிக்கு அது முதன்முதலாகக் குரல் கொடுத்தது. பெரிய குரல், அந்த உடம்புக்குப் பொருந்தாத குரல். குட்டிகளுக்கான மாவுப் பாலை மருந்துக் குழலால் ஊட்டினோம்.

இவ்வளவும் நடக்கும்போது ஆயா கூடத்துப் பக்கமே வரவில்லை. தன் அறையிலிருந்து ஒரே ஒரு முறை குரல் மட்டும் வந்தது: “பூனைய வூட்ல சேத்தா பாலு தங்காது. காலைல யாருக்காச்சும் குடுத்துடுங்க.”

பால் தங்காது என்பது காரணம் அல்ல என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். சொல்லத்தான் இல்லை.

2015 டிசம்பர் முதல் தேதி. மறுநாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீர் படிப்படியாக உயர்ந்து விநாடிக்கு 29,000 கன அடியானது. அந்த நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. எங்கள் ஊர் அதற்கும் கீழே. விமான நிலையமே நீரில் நின்று 6ஆம் தேதி வரை மூடிக் கிடந்ததென்றால் ஆற்றோரத் தெருக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் கொல்லைப்புறக் கதவின் அடியிலிருந்து நீர் வந்தது. கறுத்த நீர், ஓசையே இல்லாமல். விடியும்போது கீழ்த்தளத்தில் மார்பளவு. நாங்கள் மொட்டைமாடியில். மூட்டையாகக் கட்டிய சான்றிதழ்கள், ஒரு பாத்திரம் சோறு, அப்போது சிறுமியாக இருந்த மகள், ஆயாவின் முந்தானைக்குள் ராசா.

ராசா ஆயா வளர்த்த கடுவன். ஒன்பது வயது. எங்களில் யாரையும் மதிக்காது. மாமனார் மறைந்த பின் ஆயா படுக்கும் கட்டிலின் கால்மாட்டில்தான் அதற்கு இரவு. ஆயா தூங்காமல் விழித்திருந்தால் அதுவும் விழித்திருக்கும்.

இரண்டாம் நாள் நண்பகலில் மீனவர்களின் படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. கடற்கரைக் குப்பங்களிலிருந்து தாங்களாகவே படகைக் கொண்டுவந்த அந்த மனிதர்களுக்கு இந்நகரம் இன்னும் கடன் தீர்க்கவில்லை. சிறிய படகு, ஏற்கெனவே பதினான்கு பேர். ஒரு கைக்குழந்தை, ஒரு டயாலிசிஸ் நோயாளி. எங்கள் மூட்டையில் பாதியை விட்டுவிட்டு ஏறச் சொன்னார்கள். படகு ஒரு முறை ஆடியபோது முந்தானைக்குள் இருந்தது மிரண்டு கீறியது. துடுப்புப் பிடித்திருந்த இளைஞர், கோபமாக அன்று, மிகுந்த களைப்போடு சொன்னார்: “பாட்டி, மனுசங்க மட்டும் வாங்க பாட்டி.”

ஆயா திரும்ப மாடிக்கு ஏறினார். படிக்கட்டின் மேற்கூரைக்குக் கீழே, நனையாத மூலையில் அதை இறக்கிவிட்டார். ஒரு கொட்டாங்குச்சியில் சோற்றைப் பிசைந்து வைத்தார். பிறகு வந்து படகில் உட்கார்ந்தார். பல்லாவரம் போய்ச் சேரும்வரை அவர் பேசவில்லை.

ஐந்தாம் நாள் திரும்பினோம். வீடெங்கும் கணுக்கால் அளவு சேறு. ஆயா சேற்றைப் பார்க்காமல் நேரே மாடிக்குப் போனார். கொட்டாங்குச்சியில் சோறு வைத்தபடியே இருந்தது. மேலே பூஞ்சணம் பூத்திருந்தது. தெருத்தெருவாக ஒரு மாதம் தேடினோம். அந்தக் கொட்டாங்குச்சியை ஆயா கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் பூனை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நீர் தெருமுனையோடு நின்றுவிட்டது. அன்றிரவு மாடியில் விழித்திருந்த ஆயா, “எடுத்துக்கினு போறதுக்கு ஒண்ணுமில்ல, நல்லதுதான்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

எனவே ஆற்றங்கரை ஊரில், ஐப்பசியில், ஒரு குட்டியை உள்ளே எடுப்பது என்பது பால் வாங்குவது, மணல்தட்டு வைப்பது ஆகியவற்றோடு முடிகிற காரியம் அல்ல. மீண்டும் ஒரு படகு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு இப்போதே விடை வைத்திருக்க வேண்டும். ஆயா கேட்டது அதைத்தான். அவர் கேட்ட விதம் பால் தங்காது என்பது.

காலையில் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்த இரண்டு வீடுகளில் பெண்குட்டி வேண்டாம் என்றார்கள். பார்த்தவுடனே பெண் என்று எப்படித் தெரிந்தது என்று வியந்தோம். மூன்று நிறம் சேர்ந்தால் ஏறத்தாழ எப்போதும் பெண்ணே என்று மகள் விளக்கினாள். செம்மைக்கும் கருமைக்குமான வேறுபாடு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இரண்டு நிறமும் சேர்ந்து தெரிய இரண்டு எக்ஸ் வேண்டுமாம். அந்த மரபணு எது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் 2025இல்தான் உறுதிப்படுத்தி வெளியிட்டனவாம். ஒரு தாய்க்கு நிறநிறமாய்க் குட்டிகள் பிறப்பதை வைத்து பாரதி ‘முரசு’ பாட்டில் சாதியைச் சாடியது நினைவுக்கு வந்தது. பெண்குட்டி வேண்டாம் என்று சொன்ன வீட்டாருக்கும் இரண்டு பெண்கள் என்பதை இங்கே குறிக்காமல் விட மனம் வரவில்லை.

பெயர் வைப்பதில் ஒரு வாரம் போயிற்று. தமிழ் படித்த வீட்டில் அது எளிதாக நடக்குமா? சங்கப் பாடல்களில் பூனையாக வருவது வெருகு. முல்லை அரும்பைப் பார்த்து, வெருகு சிரித்தாற்போல் இருக்கிறது என்றவர் ஒக்கூர் மாசாத்தியார். குறுந்தொகையின் 220ஆம் பாடல். மழைக்காலத்து மாலையில் வராதவனுக்காகக் காத்திருப்பவள் கண்ணுக்கு, அரும்பு கூடப் பல்லைக் காட்டுகிறது. குட்டி கொட்டாவி விடும்போது அந்த வெண்ணிறக் கூர்ப்பற்களைப் பார்த்தபின் எங்களுக்கு அந்த உவமையில் ஐயமே இல்லை. இருபது ஆண்டுகளாக அதைப் பாடம் நடத்தி வந்தும், பூனையின் பல்லை அரும்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தது இப்போதுதான். அதே தொகையில் 107ஆம் பாட்டில், விடியலைக் கூவிச் சொல்லிவிட்ட சேவலைத் தலைவி சபிக்கிறாள்: வீட்டு எலியைப் பார்த்திருக்கும் வெருகுக் குட்டிக்கு நீ இரையாகுக என்று. காட்டு விலங்காகவே நாம் உரை எழுதும் வெருகு அங்கே வீட்டுக்குள் எலிக்காகக் காத்திருக்கிறது. அது வந்து சேர்ந்த வழி எதுவோ! யாரோ ஒருத்தி ஒரு கூதிர் இரவில் கதவைச் சற்றே திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ள எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆய்வேட்டில் இதை எழுத முடியாது.

ஆகவே முல்லை என்று பெயரிட்டோம். மகள் மியூமியூ என்றாள். ஆயாவோ, கொடுத்துவிடச் சொன்ன ஜீவனுக்குப் பெயர் எதற்கு என்பது போல், “ஏ குட்டி, நவுரு” என்பதோடு நிறுத்திக்கொண்டார். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கிற்கும் குட்டி என்ற பெயர் உரியது என்கிறார். ஆயா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்களுள் தொல்காப்பியத்தைப் பின்பற்றியவர் அவர் ஒருவரே. அந்த ஜீவனும் அந்த அழைப்புக்கு மட்டுமே காதைத் திருப்புகிறது.

உணவில் ஒரு சிக்கல் எழுந்தது. வேகவைத்து முள் நீக்கிய மீன் கொடுக்கத் தொடங்கியபோது, சனிக்கிழமை வந்தது. ஆயாவுக்குச் சனிக்கிழமை விரதம். வீட்டில் அன்று கவிச்சி அடுப்பேறாது. வெளியே தனி அடுப்பில் வேகவைக்கலாமே என்றோம். ஆயா சிந்தித்துவிட்டு, “இந்த வூட்ல இருந்தா அதுக்கும் சனிக்கெழம சனிக்கெழமதான்” என்றார். மகள் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். ‘இந்த வூட்ல இருந்தா’ என்ற சொல்லைக் கேட்டதாக நாங்கள் காட்டிக்கொள்ளவில்லை. அன்று முல்லைக்குக் கடையில் வாங்கிய உலர் தீனியை ஊறவைத்துக் கொடுத்தோம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஆயா கேட்கவில்லை. நாங்களும் பையின் மேலிருந்த மீன் படத்தைத் திருப்பி வைத்தோம்.

விமானத்திற்கு அது பழக நான்கு நாள் ஆனது. முதலில் ஒவ்வொரு முழக்கத்திற்கும் பீரோவுக்கு அடியில் ஓடும். பிறகு காதை மட்டும் மடக்கும். இப்போது அதுவும் இல்லை. மழை நின்ற இடைவெளியில் கிணற்று மேடையில் உட்கார்ந்துகொண்டு, இறங்கும் விமானத்தை ஈயைப் பார்ப்பது போல் பார்க்கிறது.

கார்த்திகையில் ஒரு நாள் வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் விடுமுறை. மகள் கைபேசியில் பூனைகளின் வரலாற்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். சைப்பிரஸ் தீவில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையையும் புதைத்திருந்ததைத் தொல்லியலாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். மனிதனோடு பூனை வாழ்ந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று அது. அந்தத் தீவில் இயல்பாகப் பூனையினம் கிடையாது. ஆதலால் கரையிலிருந்து மனிதர்கள்தாம் அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும். மகள் இதைப் படித்தபோது ஆயா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

“படகுல ஏத்திக்கினாங்களா?”

“ஆமா ஆயா. வேற எப்படி?”

ஆயா மறுமொழி சொல்லவில்லை. அரிசி புடைக்கும் ஓசை மீண்டும் தொடங்கியது.

2015க்குப் பிறகு எங்கள் வீட்டு மாடிப்படியின் வளைவில், ஆள் உயரத்திற்கும் மேலே, ஓர் ஆணி உண்டு. குடும்ப அட்டை, பத்திரம், சான்றிதழ்கள் அடங்கிய நெகிழிப் பையை ஐப்பசி முதல் மார்கழி வரை அதில் மாட்டி வைப்போம். அன்றிரவு மழை வலுத்தபோது பை இருக்கிறதா என்று பார்க்கப் போனால், பக்கத்தில் புதிதாக இன்னோர் ஆணி அறையப்பட்டிருந்தது. அதில் பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய ஒயர் கூடை ஒன்று தொங்கியது. ஆயா பகலெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தது அதைத்தான். அடியில் பழைய சேலை மடித்துப் போட்டிருந்தது. வாயை மூடிக் கட்ட இரண்டு நாடாக்கள். உள்ளே, கழுவித் துடைத்த ஒரு கொட்டாங்குச்சி.

எதற்கு இந்தக் கூடை என்று மகள் கேட்டாள்.

“வெங்காயம் போட” என்றார் ஆயா.